இருக்கை போட்டாச்சு, படிக்கிறது யாரு?

"கொரியாக்காரனைப் பாருங்க" என்று இப்போதெல்லாம் எந்தத் தமிழ்க் கூட்டத்திலும் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுகிறார். இருபது வருஷத்துக்குள் தன் மொழியை உலகம் முழுக்கப் படிக்க வைத்துவிட்டான், சென்னையிலேயே காலேஜ் பிள்ளைகள் கொரிய மொழி வகுப்புக்குக் காசு கட்டிப் போகிறார்கள், நாம்தான் ஒன்றும் செய்யாமல் இருக்கிறோம் என்று ஒரு பெருமூச்சு. அடுத்த மூச்சில் அதே ஆள், "கொரிய மொழியே தமிழ்லேர்ந்து வந்ததுதானே" என்பார். திருப்பனந்தாள் கடைத்தெருவில் இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே டீக்குள் கேட்டிருக்கிறேன்.

முதல் வாக்கியத்தில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது நம்மைக் கெடுக்கிற வாக்கியம். அதை முதலில் முடித்துவிடலாம்.

கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் சேர்த்துப் பேசியவர் நம்ம ஆள் இல்லை. சியோலில் இருந்த ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905ல் இரண்டின் இலக்கணத்தையும் ஒப்பிட்டுப் புத்தகமே போட்டார். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் உருபு ஒட்டுவது, வினை வாக்கியக் கடைசியில் வருவது போன்ற ஒற்றுமைகள் அவர் கண்ணில் பட்டன. அந்த ஒற்றுமைகள் ஜப்பான் மொழியிலும் உண்டு, துருக்கியிலும் உண்டு. வாக்கிய அமைப்பு ஒத்துப்போவதால் மட்டும் இரண்டு மொழிகள் உறவாகிவிடாது. ஒலி மாற்றம் ஒழுங்காக, சொல்லுக்குச் சொல் பொருந்த வேண்டும். அந்த வேலையை மொழியியலாளர்கள் ஒப்புகிற மாதிரி இதுவரை யாரும் செய்து காட்டவில்லை. "அம்மா, அப்பா" என்று அவர்களும் சொல்கிறார்களே என்பது அடுத்த வாதம். குழந்தை வாயில் முதலில் வருகிற எழுத்துகள் எந்த நாட்டிலும் ம-வும் ப-வும்தான், அதனால்தான் தொடர்பே இல்லாத மொழிகளில்கூட இந்தச் சொற்கள் ஒத்திருக்கின்றன என்று ரோமன் யாகப்சன் என்ற மொழியியலாளர் 1960களிலேயே விளக்கிவிட்டார். நம் காதில்தான் விழவில்லை.

ராணி கதையும் இப்படித்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரியோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த சாம்குக் யூசா என்ற நூலில், ஆயுதா என்ற நாட்டிலிருந்து ஒரு இளவரசி கி.பி. 48ல் கப்பலேறி வந்து கராக் நாட்டு அரசன் சூரோவை மணந்ததாக ஒரு கதை இருக்கிறது. வடக்கே அதை அயோத்தி என்று வைத்து 2001ல் நினைவுச் சின்னம் கட்டிவிட்டார்கள். தெற்கே நாம் பாண்டிய நாடு என்கிறோம். நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரத்து இருநூறு வருஷம் கழித்து எழுதப்பட்ட ஒரு வரிக்கு இரண்டு பக்கமும் இழுபறி. இதில் யார் ஜெயித்தாலும் ஒரு கொரிய மாணவர்கூடக் கூடுதலாகத் தமிழ் படிக்க வரப்போவதில்லை, இல்லீங்களா?

சரி, கொரியாக்காரர்கள் உண்மையில் என்னதான் செய்தார்கள்? கொரியவியல் கழகம் 1978ல் தொடங்கியது. அதற்குள்ளேயே ஒரு பட்டமேற்படிப்புப் பள்ளி, அதில் வெளிநாட்டு மாணவர்களுக்கும் இடம். 1991 கடைசியில் கொரியா அறக்கட்டளை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று புதிதாகக் கொரியவியல் ஆசிரியர் வேலை உண்டாக்கினால் முதல் சில வருஷத்துச் சம்பளத்துக்கு இது கை கொடுக்கும். அப்புறம் அந்தப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொள்ள வேண்டும். கூடவே ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை, மொழி படிக்கக் கொரியாவில் தங்க உதவித்தொகை, நூலகங்களுக்குப் புத்தகம். 1997லிருந்து டோபிக் என்ற மொழித் திறன் தேர்வு. எந்த ஊரில் எழுதினாலும் ஒரே அளவுகோல், அந்த மதிப்பெண்ணை வைத்து வேலையும் கேட்கலாம், படிப்பும் கேட்கலாம். மொழிபெயர்ப்புக்கென்று தனி நிறுவனம். அது நல்கை கொடுப்பதோடு நிற்காமல் மொழிபெயர்ப்பாளர்களைப் பயிற்றவும் பள்ளி நடத்துகிறது. ஹான் காங்கின் நாவலை ஆங்கிலத்தில் கொண்டுவந்து 2016ல் மேன் புக்கர் பன்னாட்டுப் பரிசைப் பங்கிட்டுக்கொண்ட டெபோரா ஸ்மித், இருபது வயசுக்கு மேல்தான் கொரிய மொழியைத் தொட்டவர். மொழிபெயர்ப்பில் தப்பு இருக்கிறது என்று கொரியாவிலேயே பெரிய சண்டை நடந்தது. நடக்கட்டும், அந்தச் சண்டை போடுவதற்கும் இரண்டு மொழியும் தெரிந்த ஆட்கள் வேண்டுமே. 2024ல் நோபல் வந்தது தனிக்கதை.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது, பணம் பெரும்பாலும் எங்கே போய் விழுகிறது என்பது. இருபத்திரண்டு வயசில் ஒரு மொழியைக் கற்றுக்கொள்ள மூன்று வருஷம் தேவைப்படுகிற ஓர் ஆளின் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் புத்தகத்துக்கும் போகிறது. பாட்டும் சீரியலும் ஆசையைக் கிளப்பிவிடும், உண்மைதான். கிளம்பிய ஆசையைப் படிப்பாக மாற்றுவது இந்தச் சலிப்பூட்டும் செலவுதான்.

அதற்காகக் கொரியாவைக் கும்பிட வேண்டும் என்று சொல்லவில்லை. அவர்களிடமும் நம்ம வியாதி இருக்கிறது. ஹார்வர்டில் ஆதிகாலக் கொரியா பற்றி ஒரு ஆய்வுத் திட்டம் நடந்தது. கொரிய அரசு சார்ந்த வரலாற்று அறக்கட்டளை பணம் கொடுத்தது. பழைய காலத்தில் சீன ஹான் பேரரசின் ஆட்சிப் பகுதிகள் கொரியத் தீபகற்பத்தின் வடக்கில் இருந்தன என்கிற, உலக ஆய்வாளர் பெரும்பாலோர் ஏற்கிற கருத்தோடு ஒரு தொகுதி வெளிவந்ததும், உள்ளூர் தேசியவாதிகள் கொதித்தார்கள், நாடாளுமன்றம் வரைக்கும் போனது, நிதி நின்றது. "எங்களைப் பற்றி ஆராயுங்கள், ஆனால் எங்களுக்குப் பிடித்ததை மட்டும் கண்டுபிடியுங்கள்" என்கிற மனசு சியோலில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் ஒன்றுதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு நம்ம கதைக்கு வருவோம்.

வெளியூரில் தமிழுக்கு இடம் பிடிப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. திருப்பனந்தாளில் இருக்கிற மடத்துக்குப் பெயரே காசி மடம். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து, தருமபுரத்து மாசிலாமணி தேசிகரைக் குருவாகக் கொண்ட குமரகுருபரர், பதினேழாம் நூற்றாண்டில் காசிக்குப் போய்க் கேதார கட்டத்தில் மடம் நிறுவினார். பிறகு வந்தவர்கள் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில், மடத்தின் தலைமையிடம் இங்கே காவிரிக் கரைக்கு வந்தது. அவர் பேரில் வழங்கும் கதையில் சிங்கத்தின் மேல் ஏறி நவாபைப் பார்க்கப் போனார் என்கிற பகுதியைத்தான் எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தின பகுதி. அரசனோடு பேச இந்துஸ்தானி தெரியவில்லை. அதனால் கலைமகளை வேண்டிச் சகலகலாவல்லி மாலை பாடி அந்த மொழியைப் பெற்றார் என்பது கதை. புராணத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு செய்தி மிஞ்சுகிறது. போன இடத்துக்காரன் மொழியை முதலில் கற்றுக்கொண்டு, அப்புறம்தான் அவனுக்கு நம் நூலைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு குறிப்பு. குமரகுருபரர் காசியில் கம்பராமாயணம் சொல்ல, அதைத் துளசிதாசர் உட்கார்ந்து கேட்டுத் தன் ராமாயணத்தை எழுதினார் என்று மேடையில் சொல்வார்கள், அச்சிலும் வந்திருக்கிறது. துளசிதாசர் ராமசரிதமானசத்தைத் தொடங்கியது 1574ல், காலமானது 1623ல். குமரகுருபரர் காசிக்குப் போனது அதற்கெல்லாம் வெகு பின்னால். கேட்கச் சுகமாக இருக்கிறது என்பதற்காக ஐம்பது வருஷத்தை விழுங்கிவிட முடியாது. வடக்கே இந்தி படித்த ஒருவரிடம் இதைச் சொன்னால் அடுத்த நிமிஷம் நாம் சொல்கிற மற்ற உண்மைகளையும் அவர் நம்பமாட்டார். பெருமைக்காகச் சொல்கிற பொய் ஆய்வுக்குச் செய்கிற கெடுதல் இதுதான்.

மடம் செய்த இன்னொரு காரியம், இன்றைக்கும் பேசத் தகுந்தது. அந்தக் காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வித்துவான் தேர்வில் முதலாவதாகத் தேறுபவருக்குத் திருப்பனந்தாள் மடத்தின் ஆயிரம் ரூபாய்ப் பரிசு என்று ஒன்று உண்டு. 1935ல் அதை வாங்கியவர் மு. வரதராசன். தாமாகவே படித்துத் தேர்வெழுதி மாநிலத்தில் முதலாக வந்தவர். 1935ல் ஆயிரம் ரூபாய் என்றால் ஒரு சாதாரணக் குடும்பம் வருஷக்கணக்கில் மூச்சு விடலாம். அந்த ஆள் பிற்பாடு மு.வ. ஆனது நமக்குத் தெரியும். இந்த ஏற்பாட்டில் இரண்டு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பணம் படித்தவன் கைக்கே போனது. மடம் பணம் கொடுத்ததே ஒழிய, கேள்வித்தாள் எழுதவில்லை. சைவ மடம் கொடுக்கிற பரிசு என்பதற்காகப் பதிலில் சைவம் இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. தேர்வை நடத்தியதும் திருத்தியதும் பல்கலைக்கழகம்.

அதே வட்டாரத்திலிருந்து இன்னும் மலிவான ஓர் உதாரணம். உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராக இருந்தபோது 1887ல் சீவக சிந்தாமணிப் பதிப்பு வந்தது. பாரிஸில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஜூலியன் வின்சோன் அதைப் பார்த்துவிட்டு ஐயருக்குக் கடிதம் எழுத, பாரிஸ் நூலகத்துச் சுவடிகள் பற்றிக் கடிதப் போக்குவரத்து நடந்தது. வின்சோன் 1903ல் பிரெஞ்சுக்காரர்களுக்காகத் தமிழ்ப் பாடநூலும் போட்டார். மாநாடு இல்லை, பந்தல் இல்லை, தபால் தலைச் செலவுதான். வெளிநாட்டு அறிஞரை இழுத்தது நல்ல பதிப்பு ஒன்று.

இருபதாம் நூற்றாண்டில் இதை ஓர் அமைப்பாக மாற்றியவர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குரு தனிநாயகம் அடிகள். 1952ல் ஆங்கிலத்தில் தமிழ்க் கல்ச்சர் இதழ். 1964 ஜனவரியில் தில்லியில் கீழைத்தேயவியல் மாநாட்டுக்கு வந்திருந்த அறிஞர்களைக் கூட்டி உலகத் தமிழாராய்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். தலைவராகப் பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா. 1966ல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. அதே வருஷம் மலாயாப் பல்கலைக்கழகம் வழியாகத் தமிழியல் நூல்களுக்கு ஒரு வழிகாட்டியும் வெளியிட்டார். எந்த மொழியில் என்ன புத்தகம் இருக்கிறது என்கிற நூற்பட்டியல். மேடையில் கைதட்டல் வாங்காத புத்தகம். ஆனால் புதிதாக வருகிற ஆய்வாளர் கையில் முதலில் இருக்க வேண்டியது அதுதான்.

அந்தக் கோலாலம்பூர் மாநாட்டில் ஒரு ஜப்பானிய இளைஞர் கட்டுரை வாசித்தார். அல்லூர், ஈசானமங்கலம் என்று திருச்சிப் பக்கத்து இரண்டு ஊர். சோழர் காலத்தில் நிலம் யார் கையில் இருந்தது என்பதைக் கல்வெட்டை வைத்துச் சொன்ன கட்டுரை. ஒரு ஊரில் பிராமணர்களிடம் தனித்தனியாக நிலம், இன்னொன்றில் வெள்ளாளர் ஊரின் பொது நிலம் என்று அவர் காட்டிய வேறுபாடு பிற்பாடு சோழர் வரலாறு எழுதுகிற முறையையே மாற்றியது. நொபொரு கராஷிமா. அவர் சுப்பராயலுவோடும் மட்சுயியோடும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களுக்கு 1978ல் மதுரையிலிருந்து வெளியிட்ட அடைவு இன்றும் மேசையில் இருக்கிற கருவி. தமிழ் உயர்ந்த மொழி என்று அவர் எங்கேயும் முழங்கியதாக எனக்கு நினைவில்லை. நிலக் கணக்கைப் பார்த்தார், வரிப் பெயர்களை எண்ணினார்.

அப்புறம் மாநாடு என்ன ஆயிற்று என்பது தெரிந்த கதை. 1968ல் சென்னை, கடற்கரை முழுக்கச் சிலை. 1981ல் மதுரை. 1995ல் எங்க தஞ்சாவூர். ரோடு அகலமானது, ராஜராஜனுக்கு மணிமண்டபம் எழும்பியது, இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் பஸ் பிடித்துப் போய் அலங்கார வண்டி பார்த்தார்கள். கட்டுரை வாசிக்க இலங்கையிலிருந்து வந்த அறிஞர்கள் சிலர், கார்த்திகேசு சிவத்தம்பி உட்பட, திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆராய்ச்சி மாநாட்டில் ஆராய்ச்சியாளருக்கு அனுமதி இல்லை, தேருக்கு அனுமதி உண்டு. 2010ல் கோவைக்கு ஒன்பதாவது மாநாடு கேட்டபோது, கழகத் தலைவராக இருந்த கராஷிமா, ஆய்வுக் கட்டுரை தயார் செய்யக் கால அவகாசம் போதாது என்று சொல்லி ஒப்பவில்லை. அரசு கழகத்தின் பெயரை விட்டுவிட்டு, செம்மொழி மாநாடு என்று வேறு பெயரில் ஜூன் 23 முதல் 27 வரை நடத்திவிட்டது. அல்லூர்க் கல்வெட்டை வரி வரியாக வாசித்த மனிதர் கூடுதல் அவகாசம் கேட்டார்; நமக்கு அதைக் கொடுக்க மனசில்லை. என்னைக் கேட்டால், நம் தமிழ் வளர்ச்சிக் கொள்கையைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனம் யாரும் எழுதவில்லை.

எங்க ஊர்க் கோயிலில் சாய்ந்துபோன லிங்கத்தை அரசன் யானை பூட்டி இழுத்தும் நிமிராமல், குங்கிலியக் கலயர் தன் கழுத்தில் கயிறு கட்டி இழுத்ததும் நிமிர்ந்தது என்பார்கள். மாநாடுகளை நினைக்கும்போது யானைகள் ஞாபகம் வரும்.

அமெரிக்காவில் தமிழ் எப்படி வேர் பிடித்தது என்பதைச் சொன்னால் டெல்டாக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். அதற்குக் காரணம் கோதுமை. 1950களின் நடுவிலிருந்து பி.எல். 480 என்ற சட்டத்தின்படி அமெரிக்கா நமக்குக் கோதுமையும் மைலோவும் அனுப்பியது. நெல்லைத் தவிர வேறு எதையும் சோறாக ஒப்புக்கொள்ளாத நம்ம ஊரில்கூட ரேஷனில் வாங்கித் தின்றவர்கள் அதன் ருசியை இன்னும் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. அந்தக் கோதுமைக்கான விலையை இந்தியா ரூபாயாகவே கட்டியது. அமெரிக்காவுக்குச் சொந்தமான ஆனால் இந்தியாவிலேயே செலவு செய்தாக வேண்டிய ரூபாய் மலை மாதிரி குவிந்தது. அதில் ஒரு பங்கை வைத்து, 1962லிருந்து அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கித் தன் நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. தமிழ் நாவல், கோயில் தலபுராணம், கட்சித் துண்டுப் பிரசுரம் எல்லாம் போயிற்று. நம்ம கிளை நூலகத்தில் கிழிந்துபோன பதிப்பு சிகாகோவில் பத்திரமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அதே சமயத்தில், ரஷ்யாக்காரன் ஸ்புட்னிக் விட்ட பயத்தில் 1958ல் அமெரிக்கா ஒரு கல்விச் சட்டம் போட்டது. அரிய மொழிகளைப் படிக்கிற மாணவர்களுக்கு அதில் உதவித்தொகை. இந்தியவியல் நிறுவனம் ஒன்று மதுரையில் தமிழ் வகுப்பு நடத்தியது. ஏ.கே. ராமானுஜன் சிகாகோவில் சொல்லிக்கொடுத்தார், 1967ல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அமெரிக்காவின் நோக்கம் சுத்தமானதில்லை. பனிப்போர்க் காலத்துக் கணக்கு அது. ஆனால் அந்தப் பணம் மாணவரின் காலத்தை வாங்கியது, ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் கிடைத்தார்கள்.

இப்போது இருக்கைகளுக்கு வருவோம். ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர். 2015ல் இரண்டு தமிழ் மருத்துவர்கள் தொடங்கிய முயற்சி; பல நாட்டுத் தமிழர்கள் கொடுத்தார்கள், தமிழ்நாட்டு அரசு பத்துக் கோடி ரூபாய் கொடுத்தது, 2018ல் தொகை நிரம்பியது. டொராண்டோவில் 30 லட்சம் கனடா டாலர், 2021ல் நிரம்பியது. கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பெர்க்லியில் 1990களில் புலம்பெயர்ந்த தமிழர்கள் பணம் சேர்த்து ஏற்படுத்திய இருக்கையில் ஜார்ஜ் ஹார்ட் செய்த வேலையை நாம் எல்லோரும் அனுபவித்தோம். 2004ல் செம்மொழி அறிவிப்பு வருவதற்கு முன்னால் அவர் எழுதிய கடிதத்தைத்தான் எல்லோரும் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? ஹார்வர்டில் சங்கப் பேராசிரியராக வந்து உட்கார்ந்தவர் மார்த்தா ஆன் செல்பி. ஐங்குறுநூற்றை மொழிபெயர்த்தவர், சிகாகோவில் முனைவர் பட்டம் வாங்கியவர். அதாவது முந்தின காலத்து உதவித்தொகையும் நூலகமும் மதுரை வகுப்பும் சேர்ந்து உண்டாக்கின உலகத்திலிருந்து வந்தவர். நாம் கோடி கொடுத்து நாற்காலி வாங்கினோம். அதில் உட்காரத் தகுதியான ஆளை வளர்த்தது வேறு யாருடைய பணமோ. அவருக்கு அடுத்து உட்காரப்போகிறவர் இன்றைக்குப் பத்தொன்பது வயசில் எங்கேயோ இருக்க வேண்டும், யாராவது அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு யார் நிதி திரட்டுகிறார்கள்? நாற்காலிக்கு நன்கொடையாளர் பெயர் பொறிக்கலாம், திறப்பு விழா வைக்கலாம், போட்டோ எடுக்கலாம். மூன்றாம் வருஷத்து மாணவர் வேற்றுமை உருபில் தடுமாறுவதைப் போட்டோ எடுக்க முடியாது.

ஜெர்மனியில் கொலோன் பல்கலைக்கழகத்தில் தமிழ் பல வருஷமாக நடந்தது, நூலகம் பெரிசு. 2020 வாக்கில் அதை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோதுதான் அப்படி ஒன்று இருப்பதே நம்மில் பலருக்குத் தெரிந்தது. ஹார்வர்ட் என்ற பெயருக்கு இருக்கிற கவர்ச்சி கொலோனுக்கு இல்லை. ஏற்கெனவே நடக்கிற ஒரு துறையைக் காப்பாற்றுவது புதிதாக ஒன்று திறப்பதைவிட மலிவு என்பதைப் பம்பு செட்டு வைத்திருக்கிற எந்த விவசாயியும் சொல்லுவார்.

இனி அந்தக் கசப்பான கேள்வி. ஹெர்மன் டீக்கன் என்ற டச்சு அறிஞர் 2001ல், சங்க இலக்கியம் கி.பி. எட்டு ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் செய்யப்பட்டது என்று ஒரு புத்தகம் எழுதினார். நான் அதை ஏற்கவில்லை. தமிழ்பிராமிக் கல்வெட்டுகளில் வரும் அரசர் பெயர்களும் மொழியின் பழமையும் அதற்கு எதிராக நிற்கின்றன; வெளிநாட்டு அறிஞர்களிலேயே ஹார்ட் போன்றவர்கள் அவரைக் கடுமையாக மறுத்தார்கள். மறுப்பதற்காக அவர்கள் எழுதியதில் நாம் புதிதாகக் கற்றதும் உண்டு. என் கேள்வி இதுதான்: நாளைக்கு நம் பணத்தில் நடக்கிற ஓர் இருக்கையில் டீக்கன் மாதிரி ஒருவர் உட்கார்ந்தால் பொறுத்துக்கொள்வோமா? கொரியாவில் நிதியை நிறுத்தியதுபோல் நிறுத்தச் சொல்லிக் கையெழுத்து இயக்கம் தொடங்கமாட்டோமா? "பத்துக் கோடி கொடுத்தது எங்களைத் திட்டவா" என்று கேட்கமாட்டோமா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டுக் கேள்வித்தாளைத் தொடாமல் இருந்தார்களே, அந்த நாகரிகம் கோடி கொடுக்கிற இடத்தில் இருக்கிறதா தெரியவில்லை.

கருவிகளின் நிலைமையையும் பார்த்துவிடலாம். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இன்றைக்கு உலகத்தில் யார் அதை இணையத்தில் தேடினாலும் பெரும்பாலும் போய் நிற்பது சிகாகோ பல்கலைக்கழகத்தின் பக்கத்தில். இக்காலத் தமிழுக்கு வெளிநாட்டு மாணவர் கையில் எடுக்கிற க்ரியா அகராதியை, 1992ல், ஒரு சின்னத் தனியார் பதிப்பகம் செய்தது. பேச்சுத் தமிழுக்கு ஹெரால்டு ஷிஃப்மன் இலக்கணம், எழுத்துத் தமிழுக்குத் தாமஸ் லேமன் இலக்கணம், சங்கத் தமிழுக்கு ஏவா வில்டன். எல்லாம் நல்ல நூல்கள், ஆனால் பட்டியலைப் படித்துப் பாருங்கள். டோபிக் அளவுக்குப் பரவிய ஒரு தமிழ்த் தேர்வு நம்மிடம் இல்லை. படிக்க வருகிறவருக்குப் பெரிய தொல்லை நாம் எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்பதுதான். "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று பாடம் படித்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினால் "வந்துட்டு இருக்காங்க" என்கிறார்கள், இங்கே கிழக்கே போனால் "வந்துக்கிட்டு இருக்காஹ" என்று காதில் விழுகிறது. நமக்கு இதில் வெட்கம் வேறு. பேச்சுத் தமிழைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னால் கொச்சையைச் சொல்லிக்கொடுப்பதா என்று முகம் சுளிக்கிற தமிழாசிரியர்களை எனக்குத் தெரியும்.

நல்லதும் நடக்கிறது. 2023லிருந்து சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி நடக்கிறது, தமிழ் நூலை வேற்று மொழிக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு அரசு நல்கை கொடுக்கிறது. சத்தமில்லாத, சரியான வேலை. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளி நடத்துகிற சங்கத் தமிழ் வகுப்புக்கு வெளிநாட்டு மாணவர்கள் வருகிறார்கள், உள்ளூர்ப் பண்டிதரோடு உட்கார்ந்து பாட்டை வரி வரியாகப் படிக்கிறார்கள். இதே மாதிரி தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஏன் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துக் கோடியை வங்கியில் போட்டு ஐந்து சதவீத வட்டி வந்தால் வருஷம் ஐம்பது லட்சம். கும்பகோணத்தில் ஒரு மாணவர் வாடகை, சாப்பாடு, ஆசிரியருக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு, புத்தகம் எல்லாம் சேர்த்து மாசம் நாற்பதாயிரத்தில் நன்றாகவே இருக்கலாம். வருஷத்துக்கு நாலு லட்சத்து எண்பதாயிரம். முதல் கரையாமல் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பேர். சியோலிலிருந்து ஒருத்தர், பிராகிலிருந்து ஒருத்தர், லக்னோவிலிருந்து ஒருத்தர் என்று வரட்டும். தமிழை வைத்து அவர்கள் என்ன எழுதினாலும் எழுதட்டும்.

சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள். மடத்துக் கல்லூரியிலும் சுற்றுவட்டப் பள்ளிகளிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற, கம்பனைப் புத்தகம் இல்லாமல் சொல்கிற தமிழாசிரியர்கள் இந்தப் பக்கம் சாயங்காலத்தில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி ஒரு பெரியவரிடம், "ஐயா, வெளிநாட்டுப் பிள்ளை ஒண்ணு ஒரு வருஷம் ஒங்ககிட்ட பாடம் கேக்க வந்தா சொல்லித் தருவீங்களா" என்று கேட்டேன். எண்பது வயசுக்காரர். கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். அப்படியானால் நன்னூலிலிருந்து ஆரம்பிக்கலாமா, நேராகப் பாட்டுக்குப் போய்விடலாமா என்று அவர் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு அலமாரிப் பக்கம் எழுந்துபோனார்.